உண்ணியும் ஒத்துவரியும்: மைசூர்க் காடுகளின் சொல் வரலாறு

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800 ஏப்ரல் 23ஆம் நாள், பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னையிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். புதிதாகக் கைக்கு வந்த நாட்டின் வேளாண்மை, வணிகம், தொழில், மக்கள் ஆகியவற்றைப் பற்றி அறிக்கை தருமாறு கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி அவரைப் பணித்திருந்தார். மைசூர், கன்னடக் கரை, மலையாளம் ஆகிய பகுதிகளில் அவர் மேற்கொண்ட பயணத்தின் நாட்குறிப்பு 1807ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக இலண்டனில் அச்சேறியது. புக்கானன் தாவரவியலிலும் வல்லவர். வழியிற் கண்ட மரங்களையும் செடிகளையும் ஊர்ப்பெயரோடு குறித்துக்கொள்வது அவர் வழக்கம். காட்டுக் குறுபர், சோலிகர் முதலிய காடுவாழ் மக்களையும் அவர் குறிப்பிடுகின்றார். அவருடைய எழுத்துப்பெயர்ப்பு சீரானதன்று. எனினும் மைசூர்க் காடுகளின் சொற்கள் ஓரளவு ஒழுங்காகப் பதிவு பெற்ற தொடக்கநிலைச் சான்றுகளுள் அதுவும் ஒன்று.

இன்று மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூருக்கோ, ஹுணசூர் வழியாக நாகரஹொளெக்கோ செல்பவர் கண்ணில் முதலிற்படும் புதர்ச்செடி புக்கானன் குறிப்பில் இடம்பெற வழியில்லை. அவர் அவ்வழிகளில் நடந்தபோது அச்செடி இந்திய மண்ணை அடையவில்லை. தமிழில் அதனை உண்ணிச்செடி என்பர். இவ்விரு நூற்றாண்டுகளில் மைசூரைச் சூழ்ந்த காடுகளில் எது வந்தது, எது போயிற்று என்பதைக் காட்டுத்துறை ஆவணங்கள் ஒரு வகையில் சொல்கின்றன. அப்பகுதியில் வழங்கும் கன்னடம், சோலிகம், ஜேனு குறுபம், மலையாளம், தமிழ் ஆகியவற்றின் சொற்கள் வேறொரு வகையில் சொல்கின்றன. இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இடர் விளைவது அவ்வாறு ஒவ்வாத இடங்களிலேதான்.

செடியும் பெயரும்

உண்ணிச்செடியின் தாயகம் நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் ஆகும். ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுச்செடியாக வளர்க்கப்பட்டு, 1807க்கும் 1809க்கும் இடைப்பட்ட காலத்தில் கல்கத்தாவின் கும்பினித் தோட்டத்தை அடைந்தது என்பது பெரும்பான்மையோர் கொள்கை. லின்னேயஸ் 1753இல் அதற்கு லாண்டானா கமாரா என்று பெயரிட்டார். இப்பெயரின் இரு பகுதிகளும் கடன்பெற்றவை. 'லாண்டானா' என்பது ஐரோப்பாவில் வழங்கிய வேறொரு புதர்ச்செடியின் பழம்பெயர். பூங்கொத்தின் வடிவ ஒப்புமை கருதி இதற்கு மாற்றி இடப்பட்டது. 'கமாரா' என்பது பிரேசில் நாட்டில் வழங்கிய ஊர்ப்பெயர். ஆகவே அறிவியற்பெயர் என்று நாம் மதிப்பது பாதி தவறான ஒப்புமையாலும் பாதி ஒரு பழங்குடிச் சொல்லாலும் ஆனது.

இந்திய மொழிகள் இச்செடிக்குப் பெயர் வைத்த முறை ஆராயத்தக்கது. மராத்தியார் அதன் நாற்றத்தைக் கொண்டு 'கானேரி' என்றனர். மலையாளத்தார் 'அரிப்பூ' என்றும் 'கொங்ஙிணி' என்றும் வழங்குகின்றனர்; பின்னது கொங்கணத்தைச் சுட்டுகின்றதா என்பது இன்னும் முடிவு செய்யப்படாதது. கன்னட நாட்டில் இலத்தீன் பெயரே 'லாண்டானா' எனச் சிற்றூர்வரை பரவிவிட்டது. தமிழில் 'உண்ணி', ஈழத்தில் 'நாயுண்ணி'. நெருங்கிக் காய்த்த சிறு காய்கள் விலங்கின் உடலில் ஒட்டிக்கிடக்கும் உண்ணியை ஒத்திருப்பதே காரணம் எனலாம்.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வெளியிலிருந்து வந்த பொருள்களுக்குத் தமிழர் 'சீமை' என்னும் அடையைச் சேர்ப்பது வழக்கம். எல்லை என்னும் பொருளுடைய வடசொல், பின் எல்லைக்குட்பட்ட நாட்டைக் குறித்து, அதன்பின் கடல்கடந்த நாட்டைக் குறிக்கலாயிற்று. சீமையெண்ணெய், சீமைக்கருவேலம் என்பன அவ்வாறு வந்தவை. 1877ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்திற்கு விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலத்தைக் கன்னடர் 'பள்ளாரி ஜாலி' என்பர். தமிழ்ப்பெயர் அது வேற்று நாட்டது என்பதைக் காட்டுகின்றது. கன்னடப்பெயர் அது பரவிய திசையைக் காட்டுகின்றது. பிற்காலத்தில் வந்த களைகள் அரசியற் பெயர்களையும் பெற்றன. 1950களின் நடுவில் புனே வட்டாரத்தில் கவனத்திற்கு வந்த பார்த்தீனியம் கன்னடத்தில் 'காங்கிரஸ் கித'. கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சிக்கு வந்த காலத்தில் பரவிய குரோமொலீனா அங்கு 'கம்யூனிஸ்ட் பச்ச'. இப்பெயர்களைத் தாவரவியலார் விரும்புவதில்லை. சொல் வரலாற்றாளர்க்கோ இவை ஆண்டுக் குறிப்பையும் உள்ளடக்கிய பெயர்கள்.

உண்ணி இத்தகைய எந்த அடையையும் பெறவில்லை. வேரும் ஈறும் தமிழாகவே அமைந்துவிட்டமையால், அது தொன்றுதொட்டு இங்கிருந்த செடி என்று கருதுவோர் இன்றும் பலர். சிறுவர் அதன் கரும்பழத்தைத் தின்பர். வேலியாக நடுவோரும் உளர். பெயர் உள்நாட்டதாகிவிட்டால் செடியும் உள்நாட்டதாகிவிடுகின்றது. கன்னடத்தில் லாண்டானா என்னும் அயலொலி நிலைத்திருப்பதை மொழித்தூய்மை நோக்கில் குறையாகக் கூறலாம். எனினும் காட்டு வரலாற்றைப் பொறுத்தவரை அக்குறை பயனுடையது.

காடு துண்டான முறை

ஓரமும் ஒளியும் உள்ள இடத்தில்தான் உண்ணி செழிக்கும். அடர்ந்த மேற்கவிகையின் நிழலில் அது மெலியும். எனவே அதன் பரவலை விளக்க வேண்டின் காடு எவ்வாறு ஓரங்கள் மிக்கதாயிற்று என்பதைக் காண வேண்டும்.

மைசூர் ஆங்கில ஆணையர் ஆட்சியில் இருந்தபோது 1864இல் காட்டுத்துறை தோன்றியது. குடகு 1834 முதலே ஆங்கிலேயர் கையில் இருந்தது. இரு பகுதிகளிலும் இயற்கைக் காட்டை வெட்டித் தேக்கு நடும் வழக்கம் பெருகியது. இதற்கு முன்மாதிரி 1840களில் நிலம்பூரில் கனோலி தொடங்கி, சாத்து மேனன் வளர்த்தெடுத்த தோட்டம். ஆங்கிலச் சொல்லும் மலையாளத் 'தேக்கு' போர்த்துக்கேயர் வாயில் 'தேக்கா' ஆகிப் பின் அடைந்த வடிவமே. பலவகை மரங்கள் கலந்த காடு ஒரே மரம் நின்ற தோப்பாயிற்று. தேக்கு இலையுதிர்க்கும் மரமாதலால் கோடையில் தரை வெயில்படக் கிடக்கும். அத்தரை உண்ணிக்கு ஏற்றது. தேக்கும் உண்ணியும் அக்கால வகைப்பாட்டின்படி ஒரே குடும்பத்தவை என்பதால் ஒரு சிக்கலும் எழுந்தது. உண்ணியை அழிக்க 1921இல் ஹவாயிலிருந்து ஒரு விதை ஈயைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தனர். அதனால் பெரும்பயன் விளையவில்லை. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவித்த பூச்சியொன்று டேராடூன் ஆய்வின்போது தேக்கின் பூவையும் தின்னக் கண்டு, வளர்ப்பை அழித்துவிட்டனர். ஆயினும் பூச்சி முன்னமே தப்பி வெளியேறியிருந்தது.

மைசூரின் பெருமைக்குரிய சந்தனமும் இக்கதையில் உண்டு. குடகில் 1899இல் கண்டறியப்பட்ட 'ஸ்பைக்' நோய் சந்தன மரங்களைப் பெருவாரியாக அழித்தபோது, உண்ணிப்புதரே நோய்க்கு இடம் தருகின்றது என்று காட்டு அலுவலர் சிலர் ஐயுற்றனர். முட்புதரின் காவலில்தான் சந்தனக் கன்று மாட்டின் வாயிலிருந்து தப்புகின்றது என்று கூறியவரும் இருந்தனர்.

கபினி ஆற்றங்கரையில் இருந்த காக்கனகோட்டைக் காடு யானைபிடிக்குப் பேர்போனது. 1870களில் மைசூர் அரசுக்காக யானை பிடிக்கும் 'கெத்தா' முறையை நிறுவியவர் சாண்டர்சன்; தம் காட்டு வாழ்க்கையை 1878இல் நூலாக வெளியிட்டார். கெத்தா என்பது வடநாட்டிலிருந்து வந்த சொல்; ஓட்டுதல் என்பது அதன் பொருள். காக்கனகோட்டையில் இறுதிக் கெத்தா 1971இல் நடந்தது. மூன்றாண்டு கழித்துக் கட்டி முடிந்த கபினி அணையின் நீர் அக்காட்டின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதிய நாடகமொன்றின் தலைப்பாக அப்பெயர் நிலைபெற்றுள்ளது. மாஸ்தியின் தாய்மொழி தமிழ் என்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

மன்னரின் வேட்டைக்காடுகளே பின்னாளில் காப்பிடங்கள் ஆயின. 1931இல் 90 சதுர கிலோமீட்டரில் தொடங்கிய வேணுகோபால வனவிலங்குப் பூங்கா விரிந்து பந்திப்பூர் ஆயிற்று. 1973இல் புலித் திட்டத்தின் முதற் காப்பகங்களுள் ஒன்றாயிற்று. நாகரஹொளெ 1955இல் சரணாலயமாகவும், பிலிகிரிரங்கன் மலை 1974இல் சரணாலயமாகவும் 2011இல் புலிக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. ஆனால் இவற்றின் ஊடே சாலைகள் ஓடின. மைசூர்-கோழிக்கோடு, மைசூர்-உதகை நெடுஞ்சாலைகளில் பந்திப்பூர்ப் பகுதியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை ஊர்தி செல்லுதல் 2009இல் தடை செய்யப்பட்டது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2010இல் அத்தடையை உறுதிசெய்தது. ஊர்தியில் அடிபட்டு விலங்குகள் இறப்பதே அத்தடைக்குக் காரணம்.

'துண்டாதல்' என்னும் கருத்துக்குத் தமிழில் துண்டாடல், சிதறல், கூறுபடல் என மூன்று சொற்கள் புழங்குகின்றன. சிதறல் பொருந்தாது, காடு சிதறுவதில்லை, இடையில் வெட்டுண்கின்றது. துண்டாடல் செய்வோரைச் சுட்டும், துண்டாதல் சுட்டாது. அணையையும் சாலையையும் பற்றிப் பேசுங்கால் முன்னதே நேர்மையான சொல். யானைகள் காட்டுத் துண்டுகளுக்கிடையே செல்லும் குறுகிய நிலத்தைத் தொடக்கத்தில் சிலர் 'தாழ்வாரம்' என்றே பெயர்த்தனர். வீட்டின் ஓர் உறுப்பு காட்டுக்கு வந்துசேர்ந்தது. இன்று பெருவழக்கு 'வலசைப் பாதை' என்பது. வலசை இடம்பெயர்வைக் குறிக்கும். ஆனால் நீலகிரியின் சீகூர்ப் பகுதியைப் போன்ற இடங்களில் யானைகள் கடந்து போவதோடு நில்லாமல் தங்கி மேயவும் செய்கின்றன. அங்குள்ள விடுதிகள் பற்றிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011இலும் உச்சநீதிமன்றம் 2020இலும் தீர்ப்பளித்தன. பாதை எது, அதன் அகலம் எவ்வளவு என்பதே அவ்வழக்கின் மையம். 'பாதை' என்றவுடன் ஒற்றையடித் தடத்தைக் கருதும் வாசகர்க்கு அவ்வழக்கு விளங்காது. 'வழிநிலம்' என்றிருப்பின் தகும்.

தரகு பெங்கி

பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், சத்தியமங்கலம், பர்கூர் மலைகளில் தமிழரால் சோளகர் எனப்படுவர். அவர்தம் பேச்சு கன்னடத்தின் கிளைமொழியா, தனிமொழியா என்பதில் கருத்து வேறுபாடுண்டு. ஆங் சி என்னும் மொழியியலறிஞர் 2016இல் வெளியிட்ட நூல் அவர்களுடைய காட்டறிவை மொழி வழியாகவே ஆராய்கின்றது. குறுபர் மொழிகளில் ஒன்றான பெட்ட குறும்பத்திற்கு கெயில் கொயெலோ 2003இல் இலக்கணம் வரைந்தார்.

சோலிகர் குடியிருப்பு 'போடு'. தமிழ்நாட்டுப் பக்கத்தில் 'தொட்டி'. தெலுங்கில் போடு என்பது காடெரித்துச் செய்யும் பயிர்த்தொழிலைக் குறிக்கும். நாகரஹொளெயைச் சார்ந்த ஜேனு குறுபர் குடியிருப்பு 'ஹாடி'. இது தமிழ்ப் 'பாடி'யே. மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமான பொதுமாற்றத்தை இதிற் காணலாம். 'கான்' என்னும் தமிழ்ச்சொல் காடு முழுவதற்கும் பொது. கன்னட மலைநாட்டிலோ 'கானு' என்பது பிற காட்டிடையே தனித்து நிற்கும் பசுமைமாறாச் சோலையை மட்டுமே குறிக்கும். நாகரஹொளெயின் சதுப்புப் புல்வெளி 'ஹட்லு'; அதற்கு அண்டையில் வயநாட்டில் அதுவே 'வயல்'. தமிழாக்கத்தில் இவை அனைத்தும் 'காடு' அல்லது 'வனம்' என்று ஒன்றாகிவிடுதல் காணக்கூடியது. எந்த நிலத்தில் உண்ணி நுழைந்தது, எதில் நுழையவில்லை என்ற செய்தியே அத்துடன் மறைகின்றது.

சோலிகர் சொற்களுள் இங்கு மிகவும் வேண்டப்படுவது 'தரகு பெங்கி'. கன்னடத்தில் தரகு என்பது உதிர்ந்து காய்ந்த இலை. தரகெலெ என்றும் வழங்கும். தமிழ்ச் செவிக்குத் தரகு என்பது இடையாள் பெறும் கூலி. இச்சொற்றொடரை அகராதியின்றிப் பெயர்க்கத் துணிபவர் நகைப்புக்கு இடமாவர். சருகு என்னும் சொல்லோடு இதற்குள்ள ஒலியொப்புமையைக் கண்டு உறவென்று துணியவும் வேண்டா. பெங்கி என்பது தீ. தமிழ் வே, வெக்கை என்பவற்றின் இனம். கோடையின் தொடக்கத்தில், சருகு முழுதும் உலராத நிலையில், தரைமட்டத்தில் மெல்ல எரிந்து அடங்கும் சிறு தீயே தரகு பெங்கி. புல் தழைக்கவும், வழி தெளியவும், கிழங்கும் தேனும் எடுக்கவும் அதனை இட்டனர்.

காட்டுத்துறையின் அகராதியில் தீ ஒன்றே, அது குற்றம். 1970களிலிருந்து சரணாலயத்தில் தீயிடல் முற்றாகத் தடுக்கப்பட்டது. சோலிக முதியோர் ஆய்வாளர்களிடம் கூறியது இது: தரகு பெங்கி நின்றபின்பே உண்ணி பெருகிற்று, அத்தீ உண்ணியின் இளங்கன்றையும் தரையிற் கிடக்கும் விதையையும் அழித்துவந்தது. அதுபோலவே நெல்லிமரங்களைப் பற்றி வாட்டும் புல்லுருவியும் ('உப்பிலு' என்பது சோலிகப் பெயர்) தீயும் புகையும் இல்லாமையால் மிகுந்தது என்றனர். பெங்களூரில் உள்ள அசோகா சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்த பரத் சுந்தரம், அங்கிலா ஹிரேமத் ஆகியோர் அம்மலையில் 1997லும் 2008லும் அளந்த பாத்திகளை ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டனர். முதல் அளவையில் பாத்திகளுள் 41 விழுக்காட்டில் இருந்த உண்ணி, இரண்டாவதில் 81 விழுக்காட்டில் காணப்பட்டது. தீத்தடையே முழுக்காரணம் என்று அவர்கள் கூறவில்லை. உண்ணி அடர்ந்தபின் எழும் தீ வேறு. அது புதரேறி மரக்கிளையை எட்டும். எரிந்த உண்ணியோ அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பல்லாயிரம் ஏக்கர் எரிந்தபோது உலர்ந்த உண்ணியே தீக்கு இரையாய் அமைந்து அதனை வளர்த்தது. ஆகவே 'தீயிட்டால் உண்ணி ஒழியும்', 'தீயால் உண்ணி பெருகும்' என்னும் இரு கூற்றுகளும் முரணல்ல. அவை குறிப்பது இருவேறு தீ. தமிழில் இரண்டையும் 'காட்டுத்தீ' என்று பெயர்த்தால் முதியோர் கூற்று அறியாமையாகத் தோன்றும். 'சருகுத்தீ' என்று ஒன்றைப் பிரித்தால் அது ஒரு செய்முறையாகத் தோன்றும். தமிழ் படித்த அலுவலர் ஒருவர் அக்கூற்றை ஏற்பதும் தள்ளுவதும் இவ்வொரு சொல்லைப் பொறுத்து அமையக்கூடும்.

இடையில் ஒரு செய்தி. ஆங்கிலத்தில் 'ஜங்கிள்' என்று வழங்கும் சொல் வடமொழி 'ஜாங்கல'த்தினின்று வந்தது. பழைய மருத்துவ நூல்களில் அது வறண்ட, மரம் அருகிய, மான் மேயும் திறந்த நிலத்தைக் குறித்தது. பிரான்சிஸ் ஸிம்மர்மன் 1982இல் பிரெஞ்சில் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக நிறுவியது. மைசூர்ப் பீடபூமியின் பழைய காடு பெரும்பாலும் அந்த ஜாங்கலமே: புல் தரை, இடைவிட்ட மரங்கள். நுழைய முடியாத புதர் என்னும் ஆங்கிலப் பொருளை உண்ணிதான் அந்நிலத்தில் மெய்யாக்கிற்று.

விலங்கின் பெயர்கள்

உண்ணியின் இலையில் கால்நடைக்கு நஞ்சுண்டு. யானையும் காட்டெருமையும் மானும் அதனை உணவாகக் கொள்வதில்லை. புதரடியில் புல் வளராது. அதேவேளை சின்னானும் கரடியும் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. புலி அதன் மறைவிற் பதுங்குகின்றது. எனவே காட்டுயிர் இழப்பு என்பதை ஒரே கோட்டில் இறங்கும் கதையாக எழுதுதல் பிழை. கர்நாடகத்தில் புலிகளின் மதிப்பீடு 2018இல் 524; 2022இல் 563. குறைந்தவை வேறு.

1968இல் பந்திப்பூர், முதுமலைப் பகுதிகளில் காட்டெருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற நோயைத் தமிழர் 'வெக்கை' என்பர். மேற்கூறிய பெங்கியின் வேரே இதிலும் உள்ளது. அந்நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அதனோடு வெக்கை என்பதன் அந்தப் பொருளும் அகராதிக்குள் ஒதுங்கிவருகின்றது. கோடை வெம்மை மட்டும் எஞ்சுகின்றது. மாட்டுக்குக் கொடுத்த டைக்குளோஃபினாக் மருந்தால் பிணந்தின்னிப் பறவைகள் அழிந்தன. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை சிறு தொகையாக எஞ்சியுள்ளன. அவற்றைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் 'கழுகு' என்றே எழுதிவந்தன; இரைகொல்லும் கழுகும் பிணந்தின்னும் பறவையும் ஒரே பெயருக்குள் அடங்கியதால் அழிவது எது என்று வாசகர் அறிய முடியவில்லை. பாதுகாப்பாளர் பழந்தமிழ்ப் 'பாறு' என்னும் சொல்லை மீட்டுக் 'பாறுக் கழுகு' என்று வழங்கத் தொடங்கியது நல்ல தீர்வு. கன்னடம் 'ரணஹத்து' என்று முன்னரே பிரித்திருந்தது. ஹத்து நம் பருந்தின் இனம்.

ஒரு விலங்கு போனால் அதன் பெயர் வேறொன்றின்மேல் ஏறிக்கொள்ளும் என்பதற்குச் சிவிங்கி சான்று. இந்தியாவில் அது அற்றுப்போனபின் 'சிறுத்தை' என்னும் சொல்லே இரண்டிற்கும் வழங்கிற்று. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து குனோவுக்கு விலங்குகள் வந்தபோது 'சிவிங்கிப்புலி' திரும்பவும் செய்தித்தாளில் ஏறியது.

ஆக்கிரமிப்பு

சட்டமொழியில் இச்சிக்கல் கூர்மையடைகின்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப்பெயரில் 'வனவிலங்கு' என்றுள்ளது. சட்டத்தின் வரையறையிலோ வாழிடத்தின் பகுதியாகிய நீர்த்தாவரமும் நிலத்தாவரமும் அடங்கும். விலங்கு என்னும் சொல் அவற்றைத் தாங்காது. 'காட்டுயிர்' என்று திருத்திக்கொள்ளலாம். (வரையறையைச் சொல்லுக்குச் சொல் கொள்ளின் உண்ணியும் காட்டுயிரே.) 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 'ஊறுசெய் அயல் இனம்' என்னும் கருத்தை முதன்முறையாக இச்சட்டத்தில் வரையறுத்தது: இந்தியாவைத் தாயகமாகக் கொள்ளாததும், நுழைவாலோ பரவலாலோ காட்டுயிர்க்கோ அதன் வாழிடத்திற்கோ ஊறு விளைவிக்கத்தக்கதும் ஆகிய இனம். தாயகத்திற்கு எல்லையாக நாட்டின் எல்லையையே இது கொள்கின்றது. இமயத்துச் செடி நீலகிரியில் பரவினால் இவ்வரையறைக்குள் வாராது. தமிழ்நாடு அரசும் அதே ஆண்டில் இத்தாவரங்களை அகற்றுவதற்கெனக் கொள்கையொன்றை வெளியிட்டது.

இதற்குத் தமிழில் ஊடுருவும் தாவரம், அந்நியத் தாவரம், ஆக்கிரமிப்புத் தாவரம் என்பன வழங்குகின்றன. இறுதியது பெருவழக்காகிவருகின்றது. இதில்தான் இடர். அரசு நிலத்தில் உரிமையின்றிக் குடியிருத்தலைத் தமிழ் ஆவணங்கள் நெடுங்காலமாக 'ஆக்கிரமிப்பு' என்றே குறித்துவந்துள்ளன. காட்டுக்குள் வாழும் பழங்குடியினருக்கு அனுப்பப்படும் அறிவிக்கைகளிலும் அச்சொல்லே. கன்னடம் இவற்றைக் கலக்கவில்லை. நிலத்தைப் பற்றியது 'ஒத்துவரி'; செடியைப் பற்றியது 'ஆக்ரமணகாரி'. ஒத்து என்பது தமிழ் ஒற்று, அதாவது அழுத்து, தள்ளு. தன் நிலத்தின் வரம்பை அண்டைநிலத்துள் தள்ளுவோனின் செயலே ஒத்துவரி. வருவாய்த்துறைச் சொல்லாகிய இது குற்றத்தின் அளவையும் தன்னுள்ளே கொண்டுள்ளது. படையெடுப்பின் சாயல் இதில் இல்லை. தமிழிலோ 'ஆக்கிரமிப்புகளை அகற்றி வாழிடத்தை மீட்டல்' என்ற ஒரு தொடரைக் கண்டால், அகற்றப்படுவது செடியா, குடிலா என்று தொடரைக் கொண்டு அறிய இயலாது.

இது வெறும் இலக்கண ஐயமன்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்க்கு 2011இல் சமூக உரிமைகள் ஏற்பளிக்கப்பட்டன. புலிக் காப்பகத்துள் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. மாதேசுவரன் மலையில் அம்மக்களே உண்ணித்தண்டை வெட்டி, வேகவைத்துத் தோலுரித்து, இருக்கையும் கூடையும் செய்து விற்கின்றனர். கூடலூர்ப் பகுதியில் பணியர், பெட்ட குறும்பர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகியோர் உண்ணித்தண்டால் முடைந்த முழுவடிவ யானைகள் 2021இல் இலண்டனிலும் 2024இல் அமெரிக்காவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2025 மே மாதத்தில் ஜேனு குறுபர் குடும்பங்கள் சில, நாகரஹொளெயின் கரடிக்கல் அத்தூர் கொல்லியில் தம் முன்னோர் இடம் என்று கூறித் திரும்பிவந்து குடிலமைத்தன. இச்செய்திகளைத் தமிழாக்குபவர் ஆக்கிரமிப்பு என்னும் ஒரு சொல்லையே கையாண்டால், களையைப் பிடுங்குபவரும் களையும் ஒரே வகுப்பில் அமைவர். 2020இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியக் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல், உண்ணியின் பிடியில் உள்ளதென்று கணக்கிட்டது. பழங்குடியினர் உழுது பயிரிடும் நிலம் இவ்வளவிற்கு அருகிலும் வாராது.

தாவரத்திற்கு 'ஊடுபரவி' என்றும், நிலத்தைப் பற்றிய வழக்கிற்கு 'வரம்புமீறல்' என்றும் பிரித்துக்கொள்வது ஒரு வழி. முன்னது புதுச்சொல்லாதலால் சிறிது காலம் செவிக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆக்கிரமிப்பை இரண்டிலிருந்தும் விலக்க முடியாவிடின், செடியிலிருந்தேனும் விலக்குதல் வேண்டும்.

உண்ணிக்கு அடுத்து வந்திருக்கும் மரம் இச்சிக்கலுக்கு வேறொரு முகம் தருகின்றது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மரம் 1980களில் வயநாட்டில் சமூகக் காடு வளர்ப்புக்காக அரசாலேயே நடப்பட்டது. இன்று முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளெ வரை அது காணப்படுகின்றது. முதுமலையில் வெட்டப்பட்ட மரம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் கூழுக்குச் சென்றது. தமிழில் அதன் பெயர் 'மஞ்சள் கொன்றை'. சங்க இலக்கியம் முல்லை நிலத்திற்குரியதாகப் பாடும் கொன்றையும் மஞ்சள் நிறப் பூவுடையது. அது இந்நாட்டு மரம், அதே காட்டின் ஓரத்தில் நிற்பது. 'மஞ்சள் கொன்றைகளை வேரோடு அகற்றுக' என்னும் ஆணை கூலியாளர் கைக்குப் போகும்போது, அடையை அவர் பெயரின் பகுதியாகக் கொள்வாரா, நிறத்தைச் சொல்வதாகக் கொள்வாரா என்பது உறுதியில்லை. வயநாட்டார் அதனை 'ராட்சசக் கொன்ன' என்கின்றனர்.